கொய்யாவில் வேர்முடிச்சு நூற்புழு: எலுமிச்சைப்புல் எண்ணெயுடன் மூன்று ஆண்டுகள்

ஆயக்குடிப் பக்கம், மணல் கலந்த செம்மண்ணில் ஒன்றரை ஏக்கர் லக்னோ-49 ரகக் கொய்யா வைத்திருக்கிறேன். நட்ட இரண்டாம் ஆண்டிலேயே இலைகள் செம்பு நிறமாகிச் சில மரங்கள் நின்ற நிலையில் காய்ந்தபோது தண்ணீர்க் குறைவு என்றே நினைத்தேன். ஒரு மரத்தைத் தோண்டியபோது சல்லிவேர்களெல்லாம் இஞ்சித் துண்டுகளைப் போலப் புடைத்துக் கிடந்தன. நடாமல் மீந்திருந்த கன்றின் பையைக் கிழித்தால் அதிலும் முடிச்சு. வேரை இப்படி முடிச்சிட வைக்கும் நுண்ணிய மண்புழுவினமான நூற்புழுவைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

எலுமிச்சைப்புல் எண்ணெயிலுள்ள சிட்ரால் என்ற வேதிப்பொருள் நூற்புழுவின் இளம்புழுக்களைக் கொல்லும் என்பது ஆய்வகத்தில் உண்மைதான். அங்கே புழு தண்ணீரில் கிடக்கிறது. தோட்டத்திலோ பெண்புழு வேருக்குள் உட்கார்ந்துகொண்டு, பசை போன்ற உறைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. எண்ணெய் அங்கே எட்டுவதில்லை.

முதல்முறை பீப்பாய்த் தண்ணீரில் எண்ணெயை வெறுமனே கலக்கி ஊற்றினேன். அது மேலே மிதந்துகொண்டே இருந்து, கடைசியாக ஊற்றிய இரண்டு மரங்களுக்கு ஏறக்குறைய எண்ணெயாகவே போய்ச் சேர்ந்ததில், வேர் கருகி இலைகள் கொட்டிவிட்டன. பிறகு காதி சோப்புக் கரைசலில் பால்போல் வெளுக்கும்வரை அடித்து, லிட்டருக்கு 2 மில்லி வீதம் மரத்துக்கு 10 லிட்டர், ஈர மண்ணில் மாலையில் ஊற்றி, ஆவியாகிவிடாதபடி மூடாக்குப் போட்டேன். மூன்று வாரத்தில் வெள்ளைவேர் விட்டது. இரண்டு மாதத்தில் அந்த வேரிலும் முடிச்சு. சூடான மண்ணில் இப்புழு ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடுவதால் மாதந்தோறும் ஊற்ற வேண்டும். 240 மரங்களுக்கு ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ 5 லிட்டர் எண்ணெய் ஆகும். காய் விற்ற பணம் அதற்குத் தாங்காது. வளர்ந்த மரங்களுக்கு ஊற்றுவதை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டேன்.

எண்ணெய் பயன்பட்டது, காய்ந்த மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகளில்தான். பைமண்ணை லிட்டருக்கு 1 மில்லி எண்ணெய் வீதம் கலந்த கரைசலால் இருமுறை நனைத்து, இரண்டு வாரம் கழித்து, வேப்பம்புண்ணாக்கும் பர்பூரியோசிலியம் லிலாசினம் என்ற பூஞ்சையும் இட்ட குழியில் நட்டு, சுற்றிலும் செண்டுமல்லி வைத்தேன். இந்த இரண்டு வார இடைவெளி முக்கியம். நூற்புழுவின் முட்டையைத் தின்னும் அந்தப் பூஞ்சையையும் எண்ணெய் விட்டுவைக்காது. ஓராண்டு கழித்து மூன்று கன்றுகளின் வேரைத் தோண்டிப் பார்த்ததில் இரண்டு சுத்தமாக இருந்தன, ஒன்றில் நாலைந்து முடிச்சுகள். இதில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, புண்ணாக்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, எண்ணெய் ஊற்றாத ஒரு வரிசையை நான் விட்டுவைக்கவில்லை. வருகிற ஆடியில் நடும் கன்றுகளில் பாதியை அப்படி விடப்போகிறேன்.