கவிழ்த்த ‘ப’: ஒரு பன்னூர் ஆட்டுப் பண்ணையின் மாதச் சந்தா

பெங்களூரிலிருந்து கனகபுரா சாலையில் ஹாரோஹள்ளியைத் தாண்டி உள்ளே திரும்பினால் வரும் பன்னிரண்டு ஏக்கர் பண்ணை ஒன்றிலிருந்து, கடந்த பத்து மாதங்களில் எட்டு முறை தலா இரண்டு கிலோ பன்னூர் ஆட்டுக்கறியும் முப்பது நாட்டுக்கோழி முட்டையும், கடைசி இரு முறை அவற்றோடு ஹள்ளிகார் என்ற நாட்டு மாட்டின் நெய்யும் வாங்கியிருக்கிறோம். பண்ணையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் பண்ணைக்காரரே. இருப்பவை அறுபது தாய் ஆடுகள். அவற்றிலிருந்து ஆண்டுக்கு அறுபத்தைந்து குட்டிகள் கிடைத்தால் அதுவே அதிகம். இனத்துக்கு நிறுத்துபவை, நோயில் போகிறவை எல்லாம் கழித்தால் கறிக்கு ஐம்பதுக்கும் குறைவாகவே மிஞ்சும். ஒரு குட்டிக்குப் பதினோரு கிலோ கறி என்று வைத்துக்கொண்டால் மாதச் சந்தாவில் இருபத்தைந்து வீடுகளுக்குத்தான் கட்டுப்படியாகும். இருபத்தாறாவது வீட்டைச் சேர்த்தால் வெளியில் ஆடு வாங்கி வெட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று அவர் சொன்னபோது, அந்தச் சொல்லுக்காகவே முன்பணம் கட்டினேன். அந்தச் சொல் ஒருமுறை தவறியதையும் பின்னால் சொல்கிறேன்.

பெங்களூரில் ‘பன்னூர் மட்டன்’ என்ற பலகை இல்லாத பேட்டை அரிது. மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்துப் பண்டூர் கிராமத்தைச் சுற்றி உருவான குள்ளச் செம்மறி இனம் இது. மைசூரு மாவட்டத்துப் பன்னூரின் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது, இனப் பதிவேட்டில் மண்டியா ஆடு என்றிருக்கும். வளர்ந்த கிடா 35 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம், பெட்டை 25 கிலோவை ஒட்டி நிற்கும், ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. சந்தையில் எடைக்குத்தான் காசு என்பதால் கிடைக்காரர்கள் உயரமான வேற்றினக் கிடாக்களைச் சேர்த்துச் சேர்த்து, சொந்த மண்ணிலேயே கலப்பில்லாத ஆடு குறைந்து போயிற்று. அத்தனை பலகைகளுக்கும் ஈடு கொடுக்கும் அளவுக்கு உண்மையான பன்னூர் ஆடு இருக்க வழியே இல்லை.

சந்தா சேருமுன் பண்ணையை நேரில் பார்த்தாக வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் ஆடு மேய்த்துப் பழகிய என் அம்மாவையும் அழைத்துப் போனேன். மேய்ப்பவர் கன்னடக்காரர், அவர் ‘குரி, குரி’ என்று ஆட்டைச் சொன்னதை அம்மா ‘குறி’ என்று கேட்டுக்கொண்டு, காதில் சூடு போட்ட அடையாளம் எங்கே என்று ஒவ்வோர் ஆடாகத் தேடியது தனிக்கதை. கொம்பில்லாத தலை, இலைபோல் தொங்கும் காது, வெண்மையான உடல், முகத்தில் சிலவற்றுக்கு இளம்பழுப்பு, பலவற்றுக்குக் கழுத்தடியில் தொங்கும் இரண்டு சதைமணிகள் ஆகியவற்றைப் பார்த்தபின், மேய்ப்பவர் ஒரு கிடாவைத் திருப்பி நிறுத்திப் பின்புறத்தைக் காட்டினார். இரண்டு தொடைகளும் அகன்று இறங்கி, இடையில் உள்ள வெளி ‘ப’ என்ற எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல வளைந்திருந்தது. கலப்பு ஆட்டில் அந்த இடம் குறுகி மேலே கூராகிவிடும். அம்மா கையை விட்டு முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “எலும்பே கைக்குத் தட்டலையே, தம்பி, தீவனத்துல கட்டிப்போட்டு வளர்த்ததா?” என்று பண்ணைக்காரரைக் கேட்டார். “இல்லீங்கம்மா, காலையில் ஏழு மணிக்குத் திறந்தால் மாலை வரைக்கும் புல்தான்” என்றார் அவர்.

உண்மையில் எனக்கு நம்பிக்கை தந்தது ஆட்டைவிட அவருடைய பேரேடு. நீல அட்டை போட்ட நீள நோட்டில் ஒவ்வொரு குட்டிக்கும் காதுத்தோட்டின் எண், தாயின் எண், தகப்பன் கிடாவின் எண், பிறந்த நாள், பிறந்தபோதும் மூன்று மாதத்திலும் எடுத்த எடை என்று வரிசையாக எழுதியிருந்தது. அறுபது பெட்டைகளுக்கு மூன்று கிடாக்கள். மகளே தகப்பனுடன் சேரும் நிலை வராதபடி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மளவள்ளிப் பக்கத்துக் கிடைகளிலிருந்து புதுக் கிடா கொண்டுவந்து பழையதை மாற்றுகிறார். இத்தகைய பண்ணை எதில் சேர நினைத்தாலும், வாசலில் தொங்கும் பலகையையும் கைபேசியில் வரும் அழகான படங்களையும் விட்டுவிட்டு இந்த நோட்டைக் கேளுங்கள். தகப்பன் யாரென்று எழுதி வைக்காத இடத்தில் இனத்தின் பெயரைச் சொல்லி விலை கேட்பதில் பொருள் இல்லை.

மேய்ச்சல் நிலத்தை வேலிக்கம்பியால் பதினான்கு பட்டிகளாகப் பிரித்திருக்கிறார். கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் தரையில், வேலிமசாலும் அகத்தியும் ஓரங்களில். மூன்று நாளுக்கு மேல் ஒரு பட்டியில் ஆடு நிற்பதில்லை, அதே பட்டிக்குத் திரும்ப நாற்பது நாட்கள் ஆகின்றன. புல் தழைப்பதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். புழுவுக்காகவும் என்று பிறகு விளங்கியது. ஆட்டின் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழுவின் முட்டை சாணத்தோடு விழுந்து, பொரித்து, ஈரமான புல்நுனியில் ஏறி, அடுத்த ஆட்டின் வாய்க்குள் போகத் தகுதி பெற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் ஆடு இடம் மாறிவிடுகிறது, பின்னால் நான்கு ஹள்ளிகார் மாடுகள் வந்து மிச்சப் புல்லை மேய்கின்றன. ஆட்டுக்கு உரிய அந்தப் புழு மாட்டின் வயிற்றில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்து உள்நிறத்தைப் பார்த்து, வெளுத்திருப்பவற்றுக்கு மட்டும் குடற்புழு மருந்து கொடுக்கிறார். எல்லாவற்றுக்கும் கணக்கில்லாமல் ஊற்றினால் சில ஆண்டுகளில் அந்த மருந்தே வேலை செய்யாமல் போய்விடும். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி தவறாமல் போடுகிறார். சிறுத்தை நடமாட்டமுள்ள பகுதி என்பதால் இரவில் கூரையோடு கம்பிவலை அடித்த கொட்டகை. மேய்ச்சல் என்றதும் இரவும் வெட்டவெளியில் கிடக்கும் என்று கற்பனை செய்துகொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கொட்டகை ஏமாற்றமாக இருக்கலாம்.

இனி கறி. அறுத்தபின் முழு நாள் குளிரில் தொங்கவிட்டுத்தான் துண்டு போடுகிறார்கள். விடியற்காலையில் வெட்டியதை ஏழு மணிக்கு வாங்கி வந்து பழகிய நம் வீடுகளில் இது பழைய கறி என்று தோன்றும். என் மனைவிக்கும் முதல் மாதம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும், அந்த விறைப்பு தளரும்வரை காத்திருந்தால்தான் கறி மென்மையாகும். தொடைத்துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, கொழுப்பு வெளியே பாளமாகப் படியாமல் சிவப்புத் தசைக்கு நடுவே நூல் நூலாக ஓடியிருந்தது. பன்னூர் கறிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது இதுதான். மிளகும் சின்ன வெங்காயமும் மட்டும் போட்டு வறுத்ததில், எண்ணெய் ஊற்றாமலே சட்டி பளபளத்தது. கடைக்கறிக்கு ஐந்து விசில் விடும் குக்கரில் இதற்கு மூன்றே போதும். நெஞ்செலும்புச் சாறு மிக நன்று, கொத்துக்கறி சுமார். ஈரலும் சுவரொட்டி எனும் மண்ணீரலும் முன்கூட்டிச் சொன்னவருக்கே.

கிலோ 1,250 ரூபாய். எங்கள் அல்சூர்க் கடையில் 850. கட்டிவைத்துத் தீவனம் கொடுத்தால் சீக்கிரம் எடை ஏறும் குட்டியை ஏறக்குறைய ஓர் ஆண்டு புல்லில் நிறுத்துவதற்கான கூலி அந்த நானூறு ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். வாரந்தோறும் கறி எடுக்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது.

குறை இனி. கார்த்திகை மாதம் வந்த பொட்டலத்தில் தொடையின் மேல் விரல் தடிமனுக்கு வெண்கொழுப்பு படிந்திருந்தது, உள்ளே நூல் ஓட்டம் இல்லை. பொட்டலத்தில் வழக்கமாக எழுதியிருக்கும் காதுத்தோட்டு எண்ணும் இல்லை. அழைத்துக் கேட்டதும், அந்த மாதம் மூன்று குட்டிகள் எடை தேறாததால் மைத்துனர் கிடையிலிருந்து கலப்புக் குட்டிகள் வாங்கி வெட்டியதாக ஒப்புக்கொண்டு, விலை வித்தியாசத்தை அடுத்த மாதக் கணக்கில் கழித்தார். பணம் திரும்பியது சரி. கேட்காதவர்களுக்குச் சொன்னாரா என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அந்த மாதம் கறி இல்லை என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் நான் குறைகூறியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பொட்டலத்திலும் எண் இருக்கிறது, நானும் ஒவ்வொரு முறையும் பேரேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அனுப்புகிறார்.

நெய்க்கு ஆறு மாதம் காத்திருந்தோம். ஹள்ளிகார் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன மாடு. 2000-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு மாட்டுத் தபால்தலைகளில் எங்கள் காங்கேயத்தோடு அதுவும் இருந்தது. கன்றுக்கு விட்டதுபோக நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. கிலோ நெய்க்கு இருபத்தைந்து லிட்டருக்கு மேல் பால் வேண்டும். கறவையில் இருப்பவை இரண்டே மாடுகள் என்பதால் மாதம் நான்கு கிலோ நெய், எட்டு வீடு, வீட்டுக்கு அரை கிலோ, அந்த அரை கிலோவின் விலை 1,500 ரூபாய். நாட்டு மாட்டு நெய் இதில் பாதி விலைக்குக் கிடைக்கும் இடத்தில், எத்தனை மாடு என்று கேட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டிலில் தேதி மட்டும் இருக்கிறது, நாட்டு மாட்டுப் பாலுக்கு விளம்பரத்தில் ஒட்டும் ‘ஏ2’ என்ற அலங்காரம் இல்லை. ஆகஸ்ட் 2024-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிச் சில நாட்களிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்ற குழப்பத்துக்கும் முன்பிருந்தே தாம் எழுதுவதில்லை என்றார் பண்ணைக்காரர். ஏ1, ஏ2 வேறுபாடு பாலின் புரதத்தில் இருப்பது. நெய்யிலோ புரதமே ஏறக்குறைய இல்லை.

முட்டை நன்றாக இருக்கிறது, மழைக்காலத்தில் எண்ணிக்கை குறையும். கறி ஞாயிறு காலை தெர்மகோல் பெட்டியில் வருகிறது. ஒருமுறை பனிக்கட்டி உருகி அட்டை நனைந்திருந்தது, கறி கெடவில்லை. சிராவணத்தில் கன்னட வீடுகளும் புரட்டாசியில் தமிழ் வீடுகளும் நிறுத்திவிடுவதால் அந்த இரு மாதமும் சந்தாவுக்கு விடுமுறை, ஆடிக்குக் கூடுதல் கறி கேட்டாலும் கிடைக்காது. வரும் தை மாதம் இரண்டு வீடுகள் ஊர் மாறிப் போகின்றன. அந்த இடங்களுக்கு ஏற்கெனவே பதினோரு பேர் எழுதிவைத்திருக்கிறார்கள்.