16,500 ரூபாயும் போச்சு, அம்மாவின் பாட்டும் போச்சு: பழைய கம்ப்யூட்டர், பிரிண்டரை சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் படியுங்கள்

இன்று மதியம்தான் புதுச்சேரியிலிருந்து சி.பி.யுவைக் காலடியிலும் பிரிண்டரை மடியிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினேன். கை இன்னும் நடுங்குகிறது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். கடைப் பெயர் வேண்டாம், புகார் கொடுக்கப் போகிறேன். பழைய பிரிண்டர் சர்வீஸ், "பழைய டிடிபி ஃபைல் மாற்றித் தரப்படும்" என்று போர்டு மாட்டிய ஒரு மாடிக் கடை.

1997-ல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் அமைத்து அச்சுக்குத் தயார் செய்கிற வேலை, ஆரம்பித்தோம். விண்டோஸ் 95, பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 6.5 சாஃப்ட்வேர், ஹெச்.பி. லேசர்ஜெட் 6எல் பிரிண்டர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, பில் புக், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகளின் ப்ராஜெக்ட். டைப் அடிப்பது முழுக்க என் மனைவி, தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். நான் பக்கம் அமைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய தாளான பட்டர் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, பிளேட் போட பிரஸ்ஸுக்குக் கொண்டு போவேன்.

1999 ஐப்பசி மழையில் வேலை இல்லாமல் கிடந்த நாட்களில், என் அம்மா பாடிய நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி எல்லாவற்றையும் என் மனைவி அடித்து வைத்தாள். அம்மா குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரர், சின்ன வயதிலிருந்து நடவு நட்டவர். ஒரு வரி பாடுவார், இவள் அடித்து முடிக்கும்வரை வெற்றிலையை மென்றுகொண்டு காத்திருப்பார், அடுத்த வரிக்குப் போவார். மொத்தம் 96 பக்கம். புத்தகமாகப் போட அன்று காசில்லை. எடுத்து வைத்திருந்த பட்டர் ஷீட்டெல்லாம் 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து, நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. ஃபிளாப்பியில் பூஞ்சை. மிச்சம் அந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான்.

வருகிற தை மாதம் அம்மா போய்ப் பத்து வருஷம். திவசத்துக்கு 200 பிரதி போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தோம். முதல் பிரதியை மட்டும் அதே 6எல்-லில் எடுக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. அதற்குத்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

நான் எந்த இடத்தில் அந்தக் கடைக்காரனை நம்பினேன் என்று சொல்ல வேண்டும். பிரிண்டரை மேஜைமேல் வைத்ததுமே, "அண்ணே, 6எல்-லா? நாலு பேப்பர் சேர்த்து இழுக்குமே" என்றான். அந்தப் பிரிண்டரோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும். நிமிர்த்தி வைத்த காகிதக் கட்டிலிருந்து ஒன்றைக் கேட்டால் நான்கு உள்ளே போகும். பிரிக்கிற பேடும் இழுக்கிற ரோலரும் தேய்ந்தால் அப்படித்தான். பிறகு பேஜ்மேக்கர் பேச்சு வந்தது. 1985-ல் ஆல்டஸ் கம்பெனி கொண்டு வந்தது, 1994-ல் அடோபி கைக்குப் போனது, 2001-ல் வந்த 7-ஓடு நின்றுபோனது என்று கடகடவென்று சொன்னான். "6.5 ஃபைல்தானே, அடோபியோட இன்டிசைன் சிஎஸ்6 சாஃப்ட்வேர்லயே திறந்துடும்ணே, எங்க அப்பாவும் டிடிபி சென்டர் வெச்சிருந்தவர்தான்" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். என் மனைவி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். சரியான ஆளிடம் வந்துவிட்டோம் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

பிரிண்டருக்கு 9,500, ஃபைலுக்கு 7,000. ஆக 16,500 ரூபாய், முழுதும் முன்பணம். 9,500-ஐ ஜிபே செய்தேன், 7,000 ரொக்கம். பில் கேட்டதற்கு, "வேலை முடிஞ்சதும் சேர்த்துப் போட்டுத் தரேண்ணே" என்று விசிட்டிங் கார்டின் பின்னால் 16,500 என்று எழுதிக் கொடுத்தான்.

நான் தெளிவாகச் சொன்னேன்: ஃபான்ட், அதாவது தமிழ் எழுத்துரு, பாமினி, அது ஃபைலோடு வராது, விண்டோஸ் ஃபோல்டருக்குள் தனியாக இருக்கிறது. ஒரு தாளில் எழுதி சி.பி.யு. மேலேயே செல்லோடேப் போட்டு ஒட்டியும் கொடுத்தேன். இன்று திரும்ப வாங்கும்போதும் அந்தத் தாள் அப்படியே ஒட்டியிருந்தது.

ஒரு வாரம் என்றான். அடுத்த வாரம் போனால், ரோலர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வர வேண்டும். அதற்கடுத்த முறை, வேலை பார்க்கிற பையன் லீவு. மூன்றாம் முறை கடையே பூட்டியிருந்தது; போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்ணே". பிரிண்டர் கடையில் என்ன மீட்டிங்? வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. "16,500 வாங்கியிருக்கீங்க தம்பி, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அனுப்பினேன். ஒரு கும்பிடு பொம்மை வந்தது.

இன்று போனேன். "சார்" என்று கூப்பிட்டான். அண்ணே போய் சார் வந்ததுமே வயிற்றில் என்னவோ செய்தது.

"ஃபைல் எல்லாம் கரப்ட் சார். திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தா வருது. சிஸ்டம் வேற ஸ்லோவா இருந்துச்சு, அதான் ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் புதுசா போட்டிருக்கோம். அதுக்கு சார்ஜ் இல்ல."

சார்ஜ் இல்லையாம்.

சாம்பிளுக்கு எடுத்தது என்று 11 பக்கத்தை நீட்டினான். மீதி 85 பக்கம்? டிஸ்க்கோடு போயிற்று. கெட்டுப்போனதற்கு எதற்கு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்கிறான். பணத்தைக் கேட்டால், "வேலை செஞ்சதுக்கு லேபர் சார்ஜ் இருக்கே சார்" என்கிறான். பிரிண்டர் அவன் கண்ணெதிரிலேயே மூன்று தாளைச் சேர்த்து இழுத்தது. கூட வைத்துக் கொடுத்த ஒரிஜினல் டோனரைக் காணோம். அதற்குப் பதில் உள்ளே தூள் கொட்டுகிற ரீஃபில் ஒன்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அந்த 11 பக்கத்தை மனைவியிடம் கொடுத்தேன். முதல் வரியைப் பார்த்தாள். எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். விரல் தானாக மேஜைமேல் அசைந்தது. "என்னங்க, இது 'அம்மா'ங்க" என்றாள். பாமினி டைப்ரைட்டர் வரிசையில் அமைந்த ஃபான்ட். யளனகப, பாதமட் என்று இன்ஸ்டிட்யூட்டில் அடித்துப் பழகிய அதே இடம்தான். எம் இருக்கும் இடத்தில் அ, கே இருக்கும் இடத்தில் ம, அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி, ஹெச் இருக்கும் இடத்தில் கால். ஃபைலில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்ததால் ஆங்கிலமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பாமினி இன்றைக்கும் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. இறக்கிப் போட ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்காமல் 16,500 ரூபாயை வாங்கிக்கொண்டு என் அம்மாவின் குரலை அழித்திருக்கிறான். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, நான் சி.பி.யுவைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேனே!

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் காப்பி எடுக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்; காப்பி எடுக்கத் தெரிந்தவரிடம் முதலில் அதை மட்டும் செய்து வாங்குங்கள். பழைய தமிழ் ஃபைல் என்றால் ஃபான்ட்டையும் சேர்த்து எடுங்கள். ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள், விசிட்டிங் கார்டு பில் ஆகாது. கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்யலாம். ஜிபே ரசீது, வாட்ஸ்அப், விசிட்டிங் கார்டு மூன்றையும் எடுத்து வைத்துவிட்டேன். அந்த டிஸ்க்கில் இனி யாரும் எதையும் எழுதாமல் இருந்தால் கொஞ்சமாவது மீட்கலாம் என்று கடலூரில் ஒரு தம்பி சொல்கிறார், அதனால் சி.பி.யுவை ஆன் செய்யவே இல்லை.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, முடியவில்லை. உள்ளே அவள் அந்த 11 பக்கத்தையும் பார்த்துப் பார்த்து நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பதினோராவது பக்கம் ஒரு நடவுப் பாட்டின் பாதியில் நிற்கிறது. அடுத்த வரி ஞாபகம் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. குறிஞ்சிப்பாடியில் சின்னம்மா இருக்கிறார், அம்மாவோடு சேர்ந்து நடவு நட்டவர், 84 வயது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரிடம் போகிறோம்.