டாட் காம், டாட் ஏஐ, டாட் இன்: எதை வாங்கிப்போடலாம்?

பிறகு விற்கலாம் என்று டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், வாங்கிப்போடுவதும் மனை வாங்கிப்போடுவதும் ஒன்று என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனைக்குப் பத்திரம் உண்டு. டொமைனுக்கு இருப்பது ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருக்கும் குத்தகைதான். கட்டத் தவறினால் பெயர் கைவிட்டுப் போகும். அதனால் டாட் காம், டாட் இன் போன்றவற்றில் எந்தப் பின்னொட்டு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாங்க ஆள் வரும்வரை எத்தனை ஆண்டு உங்களால் குத்தகை கட்ட முடியும்?

இந்தக் கேள்வியில் டாட் காம்தான் முந்துகிறது. அதை நடத்தும் வெரிசைன் நிறுவனம், பெயர் பதிந்துதரும் பதிவாளர் நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த வியாபார விலையை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலராக உயர்த்தியது. அதற்குமேல் பதிவாளரின் லாபம். பத்தாண்டு வைத்திருந்தாலும் கை சுடாது. வாங்குபவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். வாய்ஸ் டாட் காம் 2019-இல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. ஆனால் அப்படிப்பட்ட ஒற்றைச் சொற்கள் எப்போதோ பதிவாகிவிட்டன. இன்று புதிதாகப் பதியக் கிடைப்பவை பெரும்பாலும் யாரும் வேண்டாமென்று விட்ட மிச்சம். ஆகவே புதுப் பெயர்கள் ஐம்பதைப் பதிவதைவிட, காலாவதியாகி ஏலத்துக்கு வரும் பழைய பெயர் ஒன்றை எடுப்பது மேல் என்பேன். அதற்கு ஏற்கெனவே ஒருவர் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறார். அதுவே ஒரு சான்று.

டாட் ஏஐ கரீபியன் தீவான அங்குயிலாவின் நாட்டுக் குறியீடு. செயற்கை நுண்ணறிவு அலையில் 2023-இல் மட்டும் அந்தச் சின்னத் தீவின் அரசுக்கு இந்தப் பதிவுகளால் கிடைத்தது ஏறத்தாழ 3.2 கோடி டாலர். அதே ஆண்டு யூ டாட் ஏஐ 7 லட்சம் டாலருக்கு விற்றது. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் குறைந்தது 2 ஆண்டுக்குச் சேர்த்தே பதிய வேண்டும், அதற்கு 2025-இல் 140 டாலருக்குக் குறையவில்லை. 100 பெயர் வைத்திருந்து ஆண்டுக்கு ஒன்று விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாட் காமில் அந்த ஒரு விற்பனை, 100 பெயருக்கான ஆண்டுக் குத்தகையான ஆயிரத்துச் சொச்சம் டாலரை ஈடுகட்டினால் போதும். டாட் ஏஐயில் அந்த 2025 விலையிலேயே, ஆண்டுக்கு 70 டாலர் வீதம், 7,000 டாலரை ஈடுகட்ட வேண்டும். விற்றுத்தரும் தளத்தின் கமிஷன் தனி. சரியான ஒரு சொல் கிடைத்தால் டாட் ஏஐ வாங்கலாம். மூட்டையாக வாங்கக் கூடாது.

இன்னொன்று. இரண்டெழுத்துப் பின்னொட்டின் ஆயுள் நாட்டோடு கட்டப்பட்டது. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-இல் நீக்கப்பட்டது. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாக பிரிட்டன் 2024-இல் அறிவித்ததும், அந்தத் தீவுகளின் குறியீடான டாட் ஐஓவை வைத்திருந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது இதனால்தான்.

டாட் இன் 2005-இல்தான் எல்லாருக்கும் தாராளமாகத் திறந்தது. இந்தியாவின் தேசிய இணைய இணைப்பக அமைப்பான நிக்ஸி நிர்வகிக்கிறது. குத்தகை டாட் காமை ஒட்டியே இருக்கும். முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பார்த்து ஏமாறாமல் ரெனியூவல் தொகையைப் பாருங்கள். வாங்குபவர் உள்ளூர்க்காரர், பேரம் ரூபாயில். ஊர்ப்பெயரோடு தொழிலைச் சேர்த்த பெயர்கள், இந்தி அல்லது ஆங்கிலத்தில் எல்லாருக்கும் புரியும் ஒற்றைச் சொற்கள் இங்கே செல்லும். பெரிய நிறுவனத்தின் வணிகப் பெயரைப் பதிந்து வைத்தால் தப்ப முடியாது. டாட் காம் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க யூடிஆர்பி என்ற நடுவர் முறை இருப்பது போல இதற்கும் தனி நடுவர் முறை உண்டு, பெயரைப் பிடுங்கி உரியவருக்கே கொடுத்துவிடுவார்கள்.

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே மூன்று நாடுகளின் பின்னொட்டுகள் இருக்கின்றன. எனக்குப் பெருமைதான். ஆனாலும் விற்பதற்காக வாங்காதீர்கள். உள்ளே அவை ஆங்கில எழுத்துக் குறியீடாக மாறித்தான் ஓடுகின்றன; பகிரும்போது பல இடங்களில் அந்தக் குழம்பிய வடிவமே தெரிகிறது. மின்னஞ்சல் முகவரியாக ஏற்காத படிவங்களும் நிறைய. உங்கள் கடைக்கோ இதழுக்கோ தமிழ்ப் பெயர் இருந்தால் ஒன்றைப் பதிந்து, விற்கும் எண்ணமில்லாமல் பயன்படுத்துங்கள்.