கிழக்கு பார்த்த ஊரில் மேற்கைத் தேடி: டர்பனில் பொழுது சாய்வதைப் பார்க்க எந்த இடம்?

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள்: "கடலில் சூரியன் மறைவதை எங்கே நின்று பார்க்கலாம்?" தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பனில் எங்கேயும் முடியாது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இத்தனைக்கும் கேட்பவர்கள் சென்னைக்காரர்கள். மெரினாவில் எந்தப் பக்கம் பொழுது சாய்கிறது என்று திருப்பிக் கேட்டால்தான் விளங்குகிறது. டர்பனும் கிழக்கு பார்த்த ஊர். இந்தியப் பெருங்கடலில் உதிக்கும் சூரியன், மாலையில் ஓட்டல் கட்டடங்களுக்கும் பெரீயா மேட்டுக்கும் பின்னால் போய் விழும். கடற்கரை நடைபாதையில் நிற்பவருக்குக் கிடைப்பது கட்டடங்களின் நீண்ட நிழல் மட்டும். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்று பள்ளியில் ஒப்பித்துவிட்டு இங்கே வந்த எனக்கும் முதல் ஆண்டு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிறகுதான் புரிந்தது: தண்ணீருக்குள் மறைவது வேறு, தண்ணீருக்கு அப்பால் மறைவது வேறு. இரண்டாவது இங்கே தாராளம். ஊருக்குள் புகுந்து கிடக்கிறது துறைமுக விரிகுடா. ஊரின் எதெக்வினி என்ற ஜூலுப் பெயரே விரிகுடாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். வடக்கே உம்கெனி ஆறு. மேற்கே தண்ணீர் தெரியும்படி நிற்க ஓர் இடம் அகப்பட்டால் போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதத்தைப் பாருங்கள். ஜூனில் மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். டிசம்பரில் 7 மணி வரை தாக்குப்பிடிக்கும். நேரத்தைவிட முக்கியம், அது விழும் இடம். ஜூனில் மேற்கிலிருந்து வடக்கே விலகியும் டிசம்பரில் தெற்கே விலகியும் விழுகிறது. கையை நீட்டிச் சாண் போட்டு அளந்தால் இந்த இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரைச் சாண் தூரம். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை ஒரு ஜூலை மாதச் சாப்பாட்டு பில்.

எஸ்பிளனேடு என்று பழைய ஆட்கள் சொல்லும் துறைமுகச் சாலை ஓரத்தில், பாய்மரப் படகுகள் கட்டிக் கிடக்கும் கரையில், தண்ணீர் பார்த்த மேசையாகக் கேட்டு வாங்கி ஆறு பேரை உட்கார வைத்தேன். சூரியன் வலப்பக்கம் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போய், அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், பொன்னிறம் காட்டும் முன்பே ஒளிந்துகொண்டது. இறால் தட்டு வந்தபோது மேசையில் குளிர்காற்று மட்டும் இருந்தது. தப்பு உணவகத்துடையது அல்ல, என்னுடையது. அதே மேசையில் டிசம்பரில் உட்கார்ந்தால் சூரியன் தென்மேற்கே, பாய்மரக் கம்பங்களைத் தாண்டித் துறைமுகப் பாரந்தூக்கி எந்திரங்களின் பக்கம் இறங்கும். இங்கே டிசம்பர்தான் கோடை, ஜூன் குளிர்காலம். ஆகவே எஸ்பிளனேடு கோடைக்காலத்துக்கு மட்டும்.

அதற்குப் போட்டி, கடற்கரை நடைபாதை தெற்கே போய் முடிகிற துறைமுக வாயில். பாயின்ட் என்பார்கள். 2010 வாக்கில் வாயிலை அகலப்படுத்திய பிறகு பெரிய கப்பல்களும் உள்ளே நுழைகின்றன. முன்னும் பின்னும் இழுவைப் படகுகளோடு ஒரு சரக்குக் கப்பல் உங்கள் முகத்துக்கு எதிரே ஊர்ந்து போகும்போது அந்தி அதன் பின்னால் மறைந்து, மறுபடி வெளிவரும். குழந்தைகளுக்கு இதுதான் பிடிக்கிறது. இதுவும் டிசம்பர் கட்சிதான். அந்த மாதத்தில் நுழைவுக் கால்வாய் நீளும் திசையிலேயே பொழுது சாய்கிறது. எஸ்பிளனேடா பாயின்டா என்றால் பாயின்ட். காசு செலவில்லை, கப்பல் இலவசம்.

குளிர்காலத்துக்கு பிளஃப். துறைமுகத்துக்குத் தெற்கே, கடலுக்கும் விரிகுடாவுக்கும் நடுவே மதில்போல நீண்டு கிடக்கும் மணல்மேடு. அதன் கடல் பக்கத்தில் 1975 வரை திமிங்கிலங்களை வெட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள் என்பதை இன்று அங்கே வீடு வாங்குகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. நமக்கு வேண்டியது விரிகுடாப் பக்கச் சரிவு. ஜூன் மாலையில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்குகிறது. கட்டடங்கள் கருப்பாகின்றன. விரிகுடா கொஞ்ச நேரம் செம்புத் தட்டுபோலக் கிடக்கிறது. பிறகு ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு.

கீழே சரக்குப் பெட்டிகள் அடுக்கிய ஒரு நிலப்பகுதி தெரியும். சாலிஸ்பரி தீவு. பெயர்தான் தீவு, இப்போது கரையோடு சேர்ந்துவிட்டது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள் பலர் அங்கே இழுவலை போட்டு மீன் பிடித்து வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காக அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அதே தீவில் 1961-இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். விரிகுடாவைப் படகில் கடந்து படிக்கப்போன தலைமுறை இன்னும் இருக்கிறது. வெறும் காட்சிக்காக வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை. நம் ஆட்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளஃபின் குறை ஒன்று: முனைப்பகுதி ராணுவத்துக்கும் துறைமுகத்துக்கும் உரியது, நாம் போக முடியாது. மற்ற இடங்களில் நல்ல காட்சியெல்லாம் வீடுகளின் பின்பக்கத்தில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், பிளஃபில் பால்கனி வைத்திருக்கும் நண்பர் வேண்டும்.

நண்பர் இல்லாதவர்கள் பெரீயா மேட்டின் உச்சிக்கு, ஹோவர்ட் கல்லூரி வளாகத்தின் பக்கம் போகலாம். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் மேற்கே மடிப்பு மடிப்பாகக் குன்றுகள். தண்ணீருக்கு மேல் அந்தி கிடையாது என்பதால் நான் இதை இரண்டாம் வரிசையில் வைக்கிறேன். மோசஸ் மாபிடா மைதானத்தின் வளைவு 106 மீட்டர் உயரம். உச்சியிலிருந்து எல்லாமே தெரியும். ஏறவிடுகிறார்களா, எத்தனை மணி வரை என்று கேட்டுக்கொண்டு போங்கள். எனக்கு அவ்வளவு உயரத்தில் நின்று ரசிக்க மனம் ஒட்டுவதில்லை.

டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரை ஊரான உம்லாங்காவை வேறு கணக்கில் சேர்க்க வேண்டும். 1954-இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று மேற்கே திரும்பினால் கிடைப்பது சுவர். திரும்பாதீர்கள். கடலையே பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கிய சில நிமிடங்களில் தொடுவானத்தில் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும். அதற்கு மேலே ரோஜா நிறம். அந்த நீலம் பூமியின் நிழல். நாம் நிற்கும் பூமி தன் நிழலைக் காற்றில் விழவைத்து, அது கடலிலிருந்து ஏறி வருவதைப் பார்க்கிறோம். பௌர்ணமியன்று அந்தப் பட்டைக்குள்ளிருந்தே நிலா எழும். மெரினாவிலும் இது தினமும் நடக்கிறது, சுண்டல் வாங்கும் மும்முரத்தில் யாரும் பார்ப்பதில்லை. வானம் தெளிவாக இருந்தால் உம்லாங்காவுக்குத் தாராளமாக மதிப்பெண் போடுவேன். மேகம் மூடினால் அங்கே காப்பி விலையைத் தவிர வேறொன்றும் நினைவில் நிற்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நானாகப் போவது எங்கே என்றால், ப்ளூ லகூன். உம்கெனி ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். முதுகுக்குப் பின்னால் கடல், எதிரே ஆறு, அக்கரையில் கண்டல் மரங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் நேராகப் பாலத்தின் மேலேயே உட்காரும். மற்ற மாதங்களிலும் ஆற்றைவிட்டு வெகுதூரம் போகாது. எந்த மாதத்திலும் கைவிடாத இடம் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

மழைக்குப் பிறகு போகாதீர்கள். ஆறு மேலேயிருந்து பிளாஸ்டிக்கையும் நாற்றத்தையும் சேர்த்தே கொண்டுவரும். இந்த ஆற்றின் சீற்றம் பழையது. 1917 அக்டோபர் வெள்ளத்தில், சற்று மேலே ஸ்பிரிங்ஃபீல்டில், மாரிமுத்து படவட்டனும் அவருடைய ஐந்து கூட்டாளிகளும் மீன்பிடிப் படகை வெள்ளத்துக்குள் விட்டு 176 பேரைக் காப்பாற்றினார்கள். ஆறு பேரும் நம் வலைக்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கார்கள் ஆற்றைப் பார்த்து வரிசையாக நிற்கும். கடற்கரைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலத்திலிருந்தே வருகிற பழக்கம் என்கிறார்கள். 1989 கடைசியில் எல்லாக் கடற்கரைகளும் எல்லாருக்கும் என்று ஆன பிறகும் கூட்டம் கலையவில்லை. கார் மூடியின் மேல் செய்தித்தாளை விரித்து பன்னி சௌ. கால் ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றியது. குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை முதலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். சுவரைப் பிய்க்க அவசரப்பட்டால் குழம்பு முழங்கை வரை வழியும், பிறகு அந்தியாவது ஒன்றாவது. இருட்டிய பின் தனியாக நிற்க வேண்டாம், மற்றக் கார்கள் கிளம்பும்போது நீங்களும் கிளம்புங்கள்.

ஒரே ஒரு சிக்கல். பக்கத்து வீட்டு ஆயாவை அழைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் போகிறேன். வழியெல்லாம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வருவார். சூரியன் பாலத்தைத் தொட்டதும் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு, தமிழில், "விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வண்டியை எடு" என்பார். எல்லாவற்றையும்விட அழகான அந்தக் கடைசிப் பத்து நிமிடச் சிவப்பை நான் பின்பக்கக் கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.