பின்வாங்கத் தெரியாத பஸ்: ஐடிஎம் மாதிரியோடு நான்கு வருடம்

என்னிடம் இணைந்த கணிதம் படித்த பிள்ளை ஒன்று போன கிழமை கெம்பஸிலிருந்து கேட்டது: "சேர், வாகன நெரிசல் ப்ரொஜெக்டுக்கு ஐடிஎம் எடுக்கவா? நீங்க ரொம்ப நாளா பாவிக்கிறீங்கதானே?" உடனே பதில் எழுத முடியவில்லை. அன்றைக்குத்தான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அப்பால் ஒரு வளைவில், பஸ்ஸுக்குள் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன்.

ஐடிஎம் என்றால் Intelligent Driver Model, வீதியில் ஒவ்வொரு வண்டியும் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போடும் மாதிரி. ட்ரைபர், ஹென்னெக்கே, ஹெல்பிங் மூவரும் 2000இல் ஒரு கட்டுரையில் வெளியிட்டது. முன்னால் வெறும் வீதி என்றால் விரும்பிய வேகத்துக்கு ஏறு, இடைவெளி குறைந்தால் பிரேக் பிடி. அவ்வளவையும் ஒரே சமன்பாட்டில், நாலைந்து எண்களில் அடக்கிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த விரும்பிய வேகம் மணிக்கு 120 கிலோமீற்றர். எங்கள் மலை வீதிக்காக நான் முதலில் மாற்றியது அதைத்தான், 35 ஆக. அடுத்தது முடுக்கம். கட்டுரையில் அது 0.73, அதாவது ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 0.73 மீற்றர் கூடும். மூட்டை நிறைந்த கொழுந்து லொறி ஏற்றத்தில் நின்று கிளம்புவதை, ஃபோன் கடிகாரத்தோடு கடை வாசலில் நின்று பல நாள் அளந்தேன். 0.3ஐத் தாண்டவே இல்லை.

அந்த ஒரு எண்ணைக் குறைத்ததும் திரையில் நடந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. விபத்து இல்லை, சமிக்ஞை விளக்கு இல்லை. ஒரு வண்டி லேசாகத் தயங்குகிறது, பின்னால் வருவது கொஞ்சம் கூடுதலாகத் தயங்குகிறது, பத்துப் பதினைந்து வண்டி தள்ளி ஒன்று முழுசாக நின்றே போகிறது. வண்டிகள் முன்னால் போக, நெரிசல் மட்டும் அலையாகப் பின்னால் நகர்கிறது. 2008இல் சுகியாமா குழுவினர் ஜப்பானில் 230 மீற்றர் வட்டத்தில் 22 கார்களை ஓடவிட்டுக் காட்டியதும் இதே அலைதான். முடுக்கத்தைத் திரும்ப ஏற்றினால் அலை கரைந்துவிடும். ஏப்ரல் சீசனில் டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க ஒருவர் வேகம் குறைத்தால், கண்ணுக்கே தெரியாத தூரத்தில் ஒரு வேன் ஏன் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இதற்காகவே இந்த மாதிரிக்கு நான் கடமைப்பட்டவன்.

ஆனால் கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கே என் பொறுமை போய்விடுகிறது. இறங்கிவரும் பஸ் ஹோன் சத்தம் கேட்டு ஒதுங்கி நிற்கும், ஏறிவரும் பஸ் முதலில் போகும். நம் வீதியின் நடைமுறை அது. இந்த மாதிரியில் உள்ள வண்டிக்குக் காது கிடையாது, எதிரே வருகிறவனும் கிடையாது. தனக்கு முன்னால் போகிற ஒன்றை மட்டுமே பார்க்கும். வளைவின் வாயில் ஒரு பொய் வண்டியை நிறுத்தி வைத்துச் சமாளித்தேன். போதவில்லை.

போன கிழமை நடந்தது இதுதான். ஏறிவந்த எங்கள் பஸ் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் நின்றது. மூன்று மீற்றர் பின்னால் எடுத்தால் போதும். கொண்டக்டர் இறங்கி, பஸ்ஸின் பக்கத்தைத் தட்டித் தட்டிக் கத்துகிறார். எங்கே எடுப்பது? பின்னால் வந்த கார் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்குப் பின்னால் வேன், வேனுக்குப் பின்னால் ஆட்டோ. நிற்கும்போது முன் வண்டிக்கும் தனக்கும் 2 மீற்றர் விட வேண்டும் என்று மாதிரியில் ஓர் எண் உண்டு. எங்களைக் கட்டிப்போட்டது அந்த 2 மீற்றர்தான். நான்கு வருடத்தில் இந்தப் பூட்டை ஐடிஎம் எனக்கு ஒருமுறைகூடக் காட்டவில்லை. காட்டவும் முடியாது, அதன் வண்டிகளுக்குப் பின்னால் போகத் தெரியாது.

ஜெர்மன் நெடுஞ்சாலைத் தரவை வைத்து, ஒரே திசையில் ஓடும் வண்டிகளுக்காக எழுதியதிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை. எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இதே வளைவால்தான்.

அதனால் மகள், எடுக்காதே. முன்னால் மட்டும் பார்க்கிற மாதிரியை நம் வீதிக்கு எடுத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதாதே. டிசம்பர் லீவுக்கு வரும்போது அளவு நாடாவும் கொப்பியும் கொண்டு வா. வளைவில் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் எத்தனை மீற்றர் இருக்கிறது என்று முதலில் அளப்போம். என் மடிக்கணினியில் ஐடிஎம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதில் ரிவர்ஸ் கியர் போடுவது எப்படி என்று பிறகு உட்கார்ந்து பார்க்கலாம்.