கால் மரத்துப்போகிறவர்கள் எல்.எஸ். பெல்ட் வாங்கலாமா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, எங்கே கேட்டாலும் கால் மரப்புக்கு மெடிக்கலில் முதலில் எடுத்து நீட்டுவது, கீழ்முதுகைச் சுற்றிக் கட்டும் இந்த எல்.எஸ். (லம்போ-சேக்ரல்) பெல்ட்டைத்தான். அகலமான எலாஸ்டிக் பட்டை, முதுகுப் பக்கம் வளைந்த தகடுகள், வயிற்றுப் பக்கம் வெல்க்ரோ. "கட்டுங்க, ஜவ்வு தானா உள்ள போயிடும்" என்பார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவிலிருந்து பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தி மரக்க வைக்கும் ஜவ்வை (டிஸ்க்) சொல்கிறார்கள். அது அப்படி உள்ளே போகாது. குனிவதையும் திரும்புவதையும் கட்டுப்படுத்தும். பிடித்துக்கொண்ட தசைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த மட்டில் நல்ல சாமான்.

வாங்கும்போது பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். பெல்ட்டுக்கு இன்ச் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்ற வேண்டும். பேன்ட் 34 போடுகிறவருக்கு அங்கே 38 வரலாம். எம், எல் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் இன்ச்சைப் பாருங்கள். கட்டிக்கொண்டு கடை ஸ்டூலில் உட்காருங்கள். மேல் ஓரம் விலாவில் இடித்தாலோ, கீழ் ஓரம் தொடையிடுக்கில் குத்தினாலோ அந்த சைஸ் வேண்டாம்.

கட்டும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மெல்லிய பனியன் மேல், முடிந்தால் படுத்தபடி கட்டுங்கள். தகடுகள் முதுகுத்தண்டின் இரு பக்கமும் நிற்க வேண்டும், தண்டின் மேல் அல்ல. உள்ளே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். இறுக்கினால் பலன் அதிகம் என்று சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். இடுப்பெலும்பின் முன்முனை ஓரமாகத்தான் தொடைத் தோலுக்கான நரம்பு இறங்குகிறது. அது அமுங்கினால் தொடையின் வெளிப்பக்கம் எரியும், மரத்துப்போகும். மரப்புக்கு வாங்கிய பெல்ட்டே புது மரப்பைக் கொடுத்தால் யாரிடம் சொல்வது?

மூட்டை தூக்கும்போதும், குண்டும் குழியுமான ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போகும்போதும் கட்டுங்கள். படுத்தால் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நாள் முழுக்கக் கட்டினால் இடுப்புத் தசை சோம்பிப்போகும்.

மரப்பு எங்கே என்பதையும் கவனியுங்கள். பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் என்றால் பெரும்பாலும் கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் எல்-5 நரம்பு அமுங்கியிருக்கும். சுண்டுவிரல் ஓரமும் உள்ளங்காலும் என்றால் அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்-1 நரம்பு. இரண்டு பாதமும் சாக்ஸ் போட்டதுபோல் மரத்திருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், பெல்ட் காசு மிச்சம். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடமே மரத்தாலோ, நடக்கையில் பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முதுகில் ஏறி மிதித்துச் சுளுக்கெடுக்கிறவரிடம் மட்டும் போக வேண்டாம்.

நம்ம ஊர் வேர்வைக்கு வாரம் ஒரு முறையாவது துவைக்க வேண்டும். தகடுகளை உருவிவிட்டு, வெல்க்ரோவை மூடி, பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் போடுங்கள். வெல்க்ரோவைத் திறந்தபடி துவைத்தால் லுங்கி நூலெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும், பிறகு பிடிக்காது. காசிமேடு பக்கத்து உப்புக்காற்றில் இரும்புத் தகடு துருப்பிடிக்கும். ஈரத்தோடு திரும்பச் செருகாதீர்கள்.