ஆறு வருடமாகக் கையில் இருக்கும் ரோலரும் பிரஷும்

முதல் தடவை கூடத்துச் சுவருக்கு நானே பெயிண்ட் அடித்தபோது, நல்ல எமல்ஷனாக (தண்ணீர் கலக்கும் சுவர் பெயிண்ட்) பார்த்து வாங்கிவிட்டு, ரோலரைக் கடையில் முதலில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது கோட் காய்ந்த மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. சுவர் முழுக்கப் பூனை முடி மாதிரி நுண்ணிய இழைகள் ஒட்டியிருந்தன. ரோலர் அடிக்க அடிக்கக் கொட்டிய இழைகள்தான் அவை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி ஒரு கோட் அடித்த பிறகுதான் சுவர் சரியானது.

அதற்கப்புறம் ஆறு வருடத்தில் வீட்டின் எல்லா அறைகளையும் ஒரு சுற்று முடித்து, சிலவற்றை இரண்டாவது தடவையும் அடித்துவிட்டேன். பெயிண்ட் டப்பா மேல் காட்டும் கவனத்தில் பாதியையாவது ரோலர் உறை (கைப்பிடியில் மாட்டிக் கழற்றும் இழை உருளை) மேல் காட்டுங்கள் என்றுதான் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ரோலரில் பார்க்க வேண்டியது இழையின் நீளம். நன்றாகப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசித் தேய்த்து வழவழப்பாக்கிய சுவருக்கு 6 மி.மீ. போதும். வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் அவ்வளவு வழவழப்பாக இருப்பதில்லை என்பதால் 9 முதல் 12 மி.மீ. வரை உள்ளதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. சொரசொரப்பான பூச்சு அப்படியே தெரியும் சுவர் என்றால் 18 மி.மீ. வேண்டும், குட்டை இழை பள்ளத்துக்குள் இறங்காமல் மேட்டை மட்டும் நனைத்துவிட்டுப் போகும். அந்த 18 மி.மீ. இழையை வழவழப்பான சுவரில் ஓட்டினால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக மேடு விழும். என் படுக்கையறையின் ஒரு சுவரில் அது இன்னும் தெரிகிறது.

இழை எதனால் ஆனது என்பதும் முக்கியம். எமல்ஷனுக்கு மைக்ரோஃபைபர் உறையைத்தான் நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு முக்கில் நிறையப் பெயிண்ட் பிடிக்கும், சொட்டாது, சுவரில் தடம் குறைவு. ஃபோம் ரோலரைச் சுவரில் ஓட்டியபோது சின்னச் சின்னக் குமிழிகள் வந்து, காய்ந்த பிறகு குழிகளாக நின்றன. வழவழப்பான கதவுக்கு எனாமல் (எண்ணெய்ப் பெயிண்ட்) அடிக்க மட்டும் அதை வைத்திருக்கிறேன். வாங்கும்போது உறையின் உட்குழாயையும் பாருங்கள். அட்டைக் குழாய் இரண்டு மூன்று கழுவலில் ஊறி நெகிழ்ந்துவிடும், பிளாஸ்டிக் குழாய் வருடக்கணக்கில் நிற்கும்.

எவ்வளவு நல்ல உறையானாலும் புதிதில் கொஞ்சம் இழை உதிர்க்கும். மாஸ்கிங் டேப்பை அதன் மேல் சுற்றி ஒட்டி உரித்தெடுத்தால் தளர்ந்த இழைகள் வந்துவிடும். பிறகு தண்ணீரில் அலசி, நன்றாக உதறி, லேசான ஈரத்தோடு பெயிண்டில் இறக்குகிறேன். இந்த ஐந்து நிமிட வேலையைத் தொடங்கியதிலிருந்து சுவரில் ஒரு இழைகூட ஒட்டியதில்லை.

கைப்பிடி விஷயத்தில் ஒரு மலிவான ரோலர் பாதிச் சுவரில் கழன்று விழுந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். உறையை உள்ளிருந்து பிடிக்கும் ஐந்து கம்பிக் கூடு உள்ளதாகப் பாருங்கள். கைப்பிடியின் அடியில் மரை இருந்து நீளக் கம்பு மாட்ட முடிய வேண்டும். கம்பு இருந்தால் மேற்கூரையைத் தரையில் நின்றபடியே அடிக்கலாம், சுவரை மேலிருந்து கீழ் வரை ஒரே இழுப்பில் இழுக்கலாம். ஏணியில் ஏறி இறங்கும் நேரத்தில் முந்தைய பட்டையின் ஓரம் காய்ந்துவிடுகிறது. அதன் மேல் மறுபடி ரோலர் பட்டால் இரட்டைக் கோடு விழும். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை போய்ச் சேர வேண்டும், அதற்குக் கம்பு மாதிரி உதவும் பொருள் வேறில்லை. ஒன்பது அங்குல ரோலர் சுவருக்கு; குழாய்க்குப் பின்னால், கதவுக்கும் மூலைக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான இடத்துக்கு நான்கு அங்குலம்.

பிரஷ் பற்றி. மூலை, ஜன்னல் சட்டம், சுவிட்ச் பெட்டியைச் சுற்றி அடிக்க இரண்டு அல்லது இரண்டரை அங்குலத்தில் நுனி சாய்வாக வெட்டிய பிரஷ் ஒன்று போதும். தண்ணீர் கலக்கும் பெயிண்டுக்கு நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை முடிதான் சரி. விலங்கு முடி தண்ணீரை உறிஞ்சித் துவண்டுவிடும், கோடு நேராக வராது. எனாமல் போன்ற எண்ணெய்ப் பெயிண்டுக்குத்தான் அது பொருந்தும். நான் சற்றே அதிகம் கொடுத்து வாங்கிய சாய்வு பிரஷுக்கு இப்போது ஆறு வயது. நுனி இன்னும் விரியவில்லை. அதே காலத்தில் வாங்கிய மூன்று மலிவு பிரஷ்கள் முடி கொட்டியே குப்பைக்குப் போய்விட்டன.

அது இத்தனை நாள் உழைத்ததற்குக் கழுவும் முறையும் ஒரு காரணம். முடியின் வேர்ப் பகுதியில், அதாவது முடியைப் பிடித்திருக்கும் தகர வளையத்துக்குள் பெயிண்ட் காய விடக் கூடாது. அதனால் பிரஷின் முடியில் பாதிக்கு மேல் முக்குவதில்லை. வேலை முடிந்தவுடன் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஒரு பழைய சீப்பு. சீவிவிட்டு, வடிவம் மாறாமல் தொங்கவிடுகிறேன். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கழுவத் தேவையில்லை. ரோலரையும் பிரஷையும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் போதும், மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

மாஸ்கிங் டேப் விஷயத்தில் நான் தவறாகச் செய்தது, பெயிண்ட் முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்தது. டேப்போடு பெயிண்டும் தோலாக உரிந்து வந்தது. கடைசிக் கோட் லேசாக ஈரமாக இருக்கும்போதே, டேப்பை மடித்தபடி மெதுவாக இழுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் முதலில் பிளேடால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டு எடுங்கள்.

பட்டித் தகடு அகலமாக ஒன்று, குறுகலாக ஒன்று. உப்புத்தாளில் 120-ம் எண்ணும் (சொரசொரப்பு அதிகம்) 220-ம் எண்ணும் (நைசானது) வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்: முதலாவது பட்டியின் மேட்டைக் குறைக்க, அடுத்தது வழவழப்புக்கு. தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் பட்டியில் விரல் தடமே பள்ளமாகிவிடும், அதனால் ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணுக்குத் தப்பிய மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. பட்டி தேய்க்கும்போது என்95 முகக்கவசம் இல்லாமல் இருக்காதீர்கள். பழைய வீட்டின் பழைய பெயிண்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். பரிசோதித்துப் பார்க்காமல் அதை உரசிப் பொடியாக்கவே கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

தரையில் பிளாஸ்டிக் தாள் வழுக்குகிறது, சொட்டிய பெயிண்ட் அதில் காயாமல் காலில் ஒட்டி வீடெல்லாம் போகிறது. பழைய கெட்டிப் போர்வை எவ்வளவோ மேல்.

அடுத்து சின்ன அறைக்கு மறுபூச்சு வைத்திருக்கிறேன். நான்கு வருட மைக்ரோஃபைபர் உறை கொஞ்சம் தட்டையாகிவிட்டது. பிரைமர் என்னும் அடிப்பூச்சுக்கும் முதல் கோட்டுக்கும் அதுவே போதும்; கடைசிக் கோட்டுக்கு 9 மி.மீ.யில் புதிது ஒன்று வாங்கி, டேப் சுற்றி உரித்து, அலசித் தயாராக வைத்துவிட்டேன்.